நிலையான பீடபூமியில் பாத்திரம் ஏன் ஆடியது?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. தீபகற்பப் பீடபூமி மிகப் பழமையான, நிலையான நிலப்பகுதி என்று புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் இரண்டு மூன்று நொடி கலகலவென்று ஆடியிருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் குவாரி வெடி என்கிறார். மாமனார் பூகம்பம்தான் என்று அடித்துச் சொல்கிறார். வாட்ஸ்அப் குழுவில் யாரோ, சாமல்பட்டிப் பக்கம் பழைய எரிமலை ஒன்று இருக்கிறது, அது விழித்துக்கொண்டது என்று எழுதிவிட்டார். அணையால் பூமி அதிரும் என்று இன்னொருவர். "அப்போ புத்தகம் பொய்யாம்மா?" என்று பிள்ளை கேட்க, இவர் இங்கே வந்து கேட்டிருக்கிறார். கேள்வி புத்தகத்தைப் பற்றியதுபோல இருந்தாலும், இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாமா என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அரசுப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் புவியியல் நடத்தியவள். நில அதிர்வு ஆய்வாளர் இல்லை. அதனால் உங்கள் வீட்டு அலமாரியை அன்று ஆட்டியது எது என்று என்னால் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. புத்தகம் சொல்வதற்கும் நம் காலடியில் இருப்பதற்கும் நடுவே பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். உங்கள் மகள் விழுந்திருப்பது அதில் மிகப் பழைய இடம்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடலாம். பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது, அவை நகர்கின்றன. நம் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய் ஆசியாவை இடிக்கிறது. அந்த இடியில் மேலே எழுந்ததுதான் இமயமலை. உலகத்தின் பெரும்பாலான நிலநடுக்கங்கள் தட்டுகளின் விளிம்பில்தான் வருகின்றன. கிருஷ்ணகிரி அந்த விளிம்பிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நம் ஊர்ப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இமயம் அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. பாரடைசோ என்ற பெயரில் கப்பல் ஏறுகிறதே, ஊதாவும் சாம்பலும் அலை அலையாகக் கலந்த கல், அதெல்லாம் வியாபாரத்தில் கிரானைட். புவியியலில் நைஸ் வகையைச் சேர்ந்த உருமாறிய பாறை. பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, மடிந்து, மேலிருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தலைகாட்டியது. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் புத்தகம் ‘நிலையான’ என்கிறது. அதில் பொய் இல்லை.

ஆனால் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் ‘ஆடவே ஆடாது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களும் சில சமயம் அப்படியே சொல்லிவிடுகிறோம். நானும் முதல் சில ஆண்டுகள் சொன்னவள்தான். என்னைத் திருத்தியது ஒரு கல் பட்டறை. என்னிடம் படித்த பையன் ஒருவனின் அப்பா பர்கூர் பக்கம் பாலிஷ் போடும் இடத்தில் வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை வகுப்பையே அங்கே கூட்டிப் போனேன். எட்டடி நீளத்துக்கு அறுத்து நிறுத்தியிருந்த பலகை ஒன்றில், நடுவே சுண்டுவிரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. அவர் விரல் முட்டியால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று மணிபோல ஒலித்தது. கோட்டுக்கு அருகே வந்ததும் தொக்கென்று அடங்கியது. "டீச்சர், நாலு பேர் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கினா இந்த இடத்துலதான் விடும். கல்லுல குறை இல்ல. எப்பவோ ஒடஞ்சு ஒட்டிக்கிட்ட இடம் இது" என்றார். நான் மூன்று பீரியட் எடுக்கும் பாடத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

தென்னிந்தியா அந்தப் பலகை மாதிரிதான். தென்மேற்கே இந்தியப் பெருங்கடலின் அடியில் புதுப் பாறை உருவாகி இந்தப் பக்கம் தள்ளுகிறது. வடக்கே இமயம் வழிவிடாமல் மறிக்கிறது. நடுவில் இருக்கும் முழுத் தட்டும் அந்த நெருக்கடியைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. எங்கோ ஓரிடத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு உடைந்து ஒட்டிய பழைய தழும்பு ஒன்று தாங்க முடியாமல் சற்றே நழுவும். அதுதான் தட்டின் நடுவில் வரும் நிலநடுக்கம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது ஏறத்தாழ 6 அளவு. 1997 மே மாதம் ஜபல்பூரில் 5.8. எல்லாவற்றையும் விடக் கொடுமை, 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் லாத்தூருக்கு அருகே கில்லாரி. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். அளவு 6.2தான், இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்.

கில்லாரி அப்போது நிலநடுக்க வரைபடத்தில் எந்த மண்டலத்தில் இருந்தது தெரியுமா? மிகக் குறைந்த ஆபத்து என்று குறித்திருந்த 1-ஆம் மண்டலத்தில். நம் நாட்டு மண்டல வரைபடத்தின் கதையே இந்த விஷயத்துக்கு நல்ல சாட்சி. 1960-களில் வந்த வரைபடத்தில் பூஜ்ஜியம் என்றே ஒரு மண்டலம் இருந்தது. 1967-ல் மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைப் பகுதி அதிர்ந்தது. 1970-ல் திருத்தியபோது பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டார்கள். 1993-ல் கில்லாரி, 2002-ல் திருத்தியபோது 1-ஆம் மண்டலத்தை 2-ஓடு சேர்த்துவிட்டார்கள். அந்த வரைபடத்தில் தமிழ்நாடு 2, 3 மண்டலங்களில் வருகிறது. மகள் பாடத்தில் ‘ஏன் 2-லிருந்து ஆரம்பிக்கிறது, 1 எங்கே போனது’ என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஆபத்தே இல்லாத இடம் என்று ஒன்றைக் குறிக்க இனி யாருக்கும் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னதும் பயந்துவிட வேண்டாம். அளவு என்பதைப் பிள்ளைகள் சாதாரண எண்ணைப்போல நினைப்பார்கள். 3-க்கும் 7-க்கும் வித்தியாசம் 4 என்று. ஒவ்வொரு முழு எண் ஏறும்போதும் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடுகிறது. 2021 கடைசியில் வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் ஒரு அதிர்வு பதிவானது. 2001 குடியரசு தினத்தன்று குஜராத்தில் புஜ் பகுதியை உலுக்கியது 7.7. இரண்டுக்கும் ஆற்றலில் வித்தியாசம் பத்து லட்சம் மடங்குக்குக் குறையாது. நம் பக்கம் எப்போதாவது வருவது முதல் வகை. அலமாரித் தட்டு ஆடும், நாய் குரைக்கும், மறுநாள் டீக்கடையில் பேச்சு இருக்கும்.

சரி, உங்கள் அலமாரிக்கு வருவோம். குவாரி வெடி என்றால் சத்தமும் அதிர்வும் அநேகமாகச் சேர்ந்தே வரும், ஒரு நொடியில் முடிந்துவிடும், குவாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஊர் தாண்டினால் யாருக்கும் தெரியாது. வெடி பகல் வெளிச்சத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. இரவு ஒன்பதரை என்கிறீர்கள். விதி ஒரு பக்கம் நடப்பு ஒரு பக்கம் என்றாலும், அந்த நேரத்தில் வெடி என்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி பக்கத்துத் தோட்டத்தில் ஓடினால் அதிர்வு மணிக்கணக்கில் இருக்கும், இரண்டு மூன்று நொடி அல்ல. விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டினாலும் டமாரென்று சத்தம் வரும். 2020 மே 20 அன்று பெங்களூருவே பயந்தது ஞாபகம் இருக்கும், விமானப்படையின் சோதனைப் பறப்புதான் அது என்று பிறகு அறிவித்தார்கள். அதில் ஜன்னல் கண்ணாடிதான் அதிரும். காலுக்கடியில் தரை நகராது. நில அதிர்வென்றால் ஒரே நேரத்தில் பல ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். லாரி தூரத்தில் உறுமுவதுபோல ஒன்று கேட்டு, பிறகு ஒரு குலுக்கல். அதனால் போச்சம்பள்ளியிலோ பாலக்கோட்டிலோ இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தேதி, மணி, நிமிடம் மூன்றையும் குறித்துக்கொண்டு தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்திலோ, அவர்களுடைய பூகம்ப் செயலியிலோ பட்டியலைப் பாருங்கள். இருந்தால் மாமனார் ஜெயித்தார். இல்லையென்றால் அவர் தோற்றுவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்; மிகச் சிறிய அதிர்வுகள் கருவிகள் தூரத்தில் இருந்தால் தவறிப்போகும்.

சின்ன அதிர்வு பெரியதற்கு முன்னோட்டமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். கில்லாரியில் 1992-லேயே சிறு அதிர்வுகள் வந்தன என்பது உண்மை. அதே மாதிரிச் சிறு அதிர்வுகள் தீபகற்பத்தில் எத்தனையோ இடங்களில் வந்து, சில வாரம் மிரட்டிவிட்டு, அப்படியே அடங்கிப்போயின என்பதும் உண்மை. எது எந்த ரகம் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் வழி உலகத்தில் எவரிடமும் இன்றைக்கு இல்லை. ‘வரும் வெள்ளிக்கிழமை பூகம்பம்’ என்று நாள் குறித்து வரும் செய்தி எதுவானாலும் அழித்துவிடலாம். பழைய தழும்பு குறிப்பிட்ட ஒரு நாளில் ஏன் நழுவுகிறது என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. தட்டின் நெருக்கடி மட்டுமே போதும் என்பவர்களும், பாறை இடுக்கில் இறங்கும் நீருக்கும் பங்குண்டு என்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த எரிமலைக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும். வதந்தி எழுதியவர் முழுக்கக் கற்பனை செய்யவில்லை. ஊத்தங்கரை வட்டத்தில் சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்போலத் தோன்றும், அமிலம் விட்டால் நுரைக்கும். ஆனால் கடலடியில் படிந்த கல் அல்ல. பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக ஏறி வந்து உறைந்த தீப்பாறை. ஒகேனக்கல் பக்கமும் உண்டு. சாமல்பட்டியினுடையது ஏறத்தாழ 80 கோடி ஆண்டு, ஒகேனக்கல்லினுடையது 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். இன்று உலகில் இந்த வகைக் குழம்பைக் கக்கும் உயிருள்ள எரிமலை ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவில் ஓல் டோய்ன்யோ லெங்காய். மற்ற எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். இது ஐந்நூறு, அறுநூறு டிகிரிதான். கறுப்பாகச் சேறுபோல ஓடி, காற்றின் ஈரம் பட்டதும் சில நாளில் வெளுத்துவிடும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் பூமிக்குள் அப்படியொரு சமையல் நடந்திருக்கிறது. ஆனால் அந்த அடுப்பு அணைந்து 80 கோடி ஆண்டு ஆயிற்று. அடியில் குழம்பும் இல்லை, அதை உருவாக்கும் தட்டு விளிம்பும் பக்கத்தில் இல்லை. அது விழித்துக்கொள்ளாது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பமும் உண்டு. தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால் ஆனது என்று படித்துவிட்டு, பிள்ளைகள் கிருஷ்ணகிரியின் கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து ‘இது அந்த லாவா’ என்பார்கள். மகாராஷ்டிரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் தக்காண லாவா சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தியது. அது நம் ஊர் வரை வரவே இல்லை. நம் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட். பாறை விரிசலுக்குள் குழம்பு ஏறி, வெளியே வராமல் உள்ளேயே இறுகிச் சுவர்போல நின்றது. அதன் வயதை நூறு கோடிகளில்தான் எண்ண வேண்டும். தேர்வுத்தாளில் இந்தத் தவறை நான் சிவப்பு மையால் எத்தனை முறை சுழித்திருப்பேன் என்று கணக்கில்லை.

அணையைப் பற்றிய பயத்துக்குச் சுருக்கமாக. அணை நீர் நிலநடுக்கத்தைத் தூண்டும் என்பது கொய்னாவில் நிரூபணமான விஷயம்தான். கொய்னா அணை 103 மீட்டர் உயரம், மிகப் பெரிய நீர்த்தேக்கம். நம் கே.ஆர்.பி. அணையின், அதாவது கிருஷ்ணகிரி அணையின், முழு நீர்மட்டமே 52 அடி. பதினாறு மீட்டர்கூட இல்லை. இத்தகைய சம்பவங்கள் பெரும்பாலும் மிக ஆழமான நீர்த்தேக்கங்களில்தான் நடந்திருக்கின்றன. இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் கெட வேண்டுமென்றால் அதற்கு வேறு காரணங்கள் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. பாடத்திட்டத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான்: நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் கொடுக்கும் பக்கங்களில், உள்ளூரில் நிஜமாக ஆளை அடிக்கும் பேரிடர் காணாமல் போகிறது. இங்கே ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று, பிறகு மெல்ல மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். ஏரிகள் நிரம்பி வழிந்து, பேருந்து நிலையத்துக்கு அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் தீப்பெட்டிபோல இழுத்துப் போனதை எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். புயல் என்றால் கடலோரத்துக்காரர்கள் பாடு என்று நினைத்திருந்த ஊர் அது. நானும் அந்த ஊரில் ஆறு ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வறட்சியைத்தான் நடத்தினேன், வெள்ளத்தை ஒரு நாளும் உள்ளூர் உதாரணமாகச் சொன்னதில்லை.

இன்னொன்று சத்தமே போடாதது. நீங்கள் கேட்ட அதே பழைய பாறை, அதிராமலேயே செய்யும் வேலை. அதில் இருக்கும் சில தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர் தண்ணீரில் இறங்குகிறது. மழை குறைவு, ஆவியாவது அதிகம், நாம் போரை ஆழமாக இறக்கிக்கொண்டே போகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதைத் தாண்டிய கிணறுகள் இந்தப் பக்கம் ஏராளம். பென்னாகரம் வகுப்புகளில் பிள்ளை சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு தெரியும். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை நான் வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-ல் தொடங்கி வைத்தது, அடிப்படையில் இதற்காகத்தான் வந்தது. உங்கள் வீட்டில் இன்னும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால், அதைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நில அதிர்வுக் கவலையை விட அவசரமான வேலை.

மகளுக்கு: ஒரு மதிப்பெண் கேள்வி வந்தால் ‘நிலையான’ என்பதைத் தயங்காமல் குறிக்கட்டும், அங்கே வாதம் செய்ய இடமில்லை. விரிவான விடையில், தட்டு விளிம்பிலிருந்து விலகி இருப்பதால் தீபகற்பத்தில் நிலநடுக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் கொய்னாவிலும் கில்லாரியிலும் நிகழ்ந்திருக்கிறது என்று எழுதட்டும். ‘குறைவு’ என்று எழுதினால் யாரும் மதிப்பெண்ணைக் கழிக்க முடியாது. ‘வராது’ என்று எழுதினால் நான் கழிப்பேன்.

உங்களுக்கு: கில்லாரியில் அத்தனை பேரைக் கொன்றது அதிர்வை விட, மண்ணில் வைத்துக் கட்டிய கனமான கல் சுவர்களும் அதன் மேல் போட்ட மண் கூரையும்தான். உங்கள் வீடு சிமென்ட் வைத்துக் கட்டிய சுவர், கான்கிரீட் கூரை என்றால், இந்தப் பக்கம் வழக்கமாக வரும் சிறு அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. கருங்கல் பலகை பரப்பிய பழைய கூரையாக இருந்தால் ஒரு முறை மேஸ்திரியைக் கூப்பிட்டு, பலகைகள் சுவரில் போதுமான அளவு உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலமாரித் தட்டுகள் ஆடிவிட்டுப் போகட்டும். பிள்ளை படுக்கும் இடத்துக்கு நேர் மேலே பரணில் அண்டா, குண்டா ஏதாவது இருந்தால் அதை மட்டும் இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள்.